விசாரியாமல் வேலைநீக்கமா?

மாலை ஆறு மணிக்குமேல் வீடு திரும்பவேண்டிய குடும்பத் தலைவர் முற்பகல் பதினொரு மணிக்கே திரும்பி வருகிறார். கையிலுள்ள தூக்குப் பாத்திரத்தில் சோறு வைத்தது வைத்தபடியே இருக்கிறது. சட்டைப் பையில் மடித்துச் செருகிய ஒரு கடிதம். மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவர் சட்டையைக் கழற்றாமலே பாயில் படுத்துவிடுகிறார். மாலையில் மூத்த மகன் அக்கடிதத்தை எடுத்துப் படிக்கிறான். ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாகப் புகார் வந்திருப்பதால் அவர் தற்காலிக வேலைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நிலையாக ஏன் நீக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும். அவ்வளவே செய்தி.

இக்காட்சி நம் பங்குகளில் பல இல்லங்களுக்குப் புதியதன்று. சம்பளம் நின்றுபோவதைக் காட்டிலும் பெயர் கெட்டுப்போவதே இவ்வீடுகளில் பெருந்துன்பமாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு அவர் கோவிலின் கடைசித் தூணருகே நின்று திருப்பலி கண்டு, இறுதி ஆசீருக்கு முன்பே வெளியேறிவிடுகிறார். "என்னவோ திருடினாராம்" என்று யாரோ சொல்ல, "மேலதிகாரியைக் கைநீட்டி அடித்தாராம்" என்று வேறொருவர் திருத்துகிறார். உண்மை எதுவென்று ஒருவருக்கும் தெரியாது.

இந்நிலையில் நண்பர்கள் தரும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, பேர் கெடாமல் வெளியே வந்துவிடலாம்." நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனையைப் போலக் கெடுதல் செய்வது வேறொன்றில்லை என்பது நம் எண்ணம். வேலைநீக்கம் செய்யப்பட்டவன் நீதிகேட்டு வாதாடலாம். தானே விலகிக்கொண்டவன், கட்டாயத்தின்பேரில் எழுதிக் கொடுத்தேன் என்பதை முதலில் மெய்ப்பித்தாக வேண்டும், அது எளிதன்று. ஆகவே அந்த முதல் இரவில் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதிருப்பது நலம்.

குற்றஞ்சாட்டப்பட்டவன் வாய்திறந்து பேச இடம் தராமல் அவனைத் தண்டிக்கலாகாது. இந்நெறி மிகப் பழையது. 1723ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ரிச்சர்டு பென்ட்லி என்னும் பேரறிஞர் பல்கலைக்கழகத்தின் அதிகாரத்தை அவமதித்தார் எனக் கூறி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருடைய பட்டங்களைப் பறித்துவிட்டது. அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான ஃபார்ட்டெஸ்கியூ என்பார் ஆதியாகமத்தை எடுத்துக்காட்டினார். ஏதேன் தோட்டத்தில் நடந்தது அனைத்தும் இறைவனுக்குத் தெரியும். ஆயினும் அவர் ஆதாமை அழைத்து, எங்கே இருக்கிறாய், விலக்கிய கனியை உண்டாயோ என்று கேட்டு, அவன் விடைசொல்லக் காத்திருந்த பின்னரே தீர்ப்புக் கூறினார் என்பது அவர் சொன்னதன் சாரம். எல்லாம் அறிந்த கடவுளே கேட்டுத் தண்டித்தார் எனில், ஒன்றும் அறியாத பல்கலைக்கழகம் கேளாமல் தண்டிப்பது எங்ஙனம்? பென்ட்லிக்குப் பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. இதனையே நம் நாட்டு நீதிமன்றங்கள் இயற்கை நீதி என்கின்றன.

இந்நெறியைச் சோதித்த ஒரு வழக்கு நமக்கு அண்மையிலேயே, கோலார் தங்கவயலில் எழுந்தது. தங்கவயல் கருநாடகத்தில் இருப்பினும், தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பூமிக்கடியில் இறங்கி உழைத்த ஊர். நம் வாசகர்களில் பலருக்கு உறவினர் உள்ள ஊர். அங்கே பாரதத் தங்கச் சுரங்க நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாகப் பணியாற்றியவர் கேப்டன் பால் அந்தோணி. அவர் பெயராலேயே இவ்வழக்குச் சட்ட நூல்களில் வழங்குகிறது.

1985 ஜூன் 2ஆம் நாள் போலீசார் அவர் வீட்டைச் சோதனையிட்டு, 4.5 கிராம் எடையுள்ள ஒரு பொன் உருண்டையையும் 1276 கிராம் பொன் கலந்த மணலையும் கைப்பற்றியதாக வழக்குப் பதிவு செய்தனர். மறுநாள் தற்காலிக வேலைநீக்கம். அதற்கு மறுநாள் நிர்வாகத்தின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. சுரங்கத்தைக் காக்க வேண்டியவர் வீட்டிலேயே பொன்னா? ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அவர் குற்றச்சாட்டை மறுத்தார். குற்றவியல் வழக்கு முடியும்வரை நிறுவனத்தின் உள்விசாரணையை நிறுத்திவைக்க வேண்டினார். நிர்வாகம் இணங்கவில்லை. இதற்கிடையே, தற்காலிக வேலைநீக்கத்தில் இருப்பவருக்குத் தரவேண்டிய பிழைப்பூதியம் அவருக்குத் தரப்படவில்லை. கையில் காசின்றி, உடல்நலமும் குன்றி, அவர் கேரளத்திலுள்ள தம் ஊருக்குப் போய்விட்டார். விசாரணையோ தங்கவயலில். வர இயலவில்லை என அவர் எழுதியும் பயனில்லை. ஒருதலைப்பட்சமாக விசாரணை நடந்து முடிந்தது. 1986 ஜூன் மாதம் அவர் நிலையாக நீக்கப்பட்டார்.

எட்டு மாதம் கழிந்தது. 1987 பிப்ரவரியில் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அப்படியொரு சோதனை நடந்ததும், பொருள் கைப்பற்றப்பட்டதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. தீர்ப்பை ஏந்திக்கொண்டு அவர் நிறுவனத்தின் வாயிலுக்குச் சென்றார்; வேலை கிடைக்கவில்லை. உயர்நீதிமன்றம் சென்றார். 1995இல் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்த்தார். 1997இல் இரு நீதிபதிகள் அடங்கிய ஆயம் அதை மாற்றிவிட்டது. கடைசியில் உச்ச நீதிமன்றம், 1999 மார்ச் 30ஆம் நாள், அவரை உடனே அதே பதவியில் அமர்த்தவும், தற்காலிக வேலைநீக்க நாள் முதற்கொண்டு முழுச் சம்பளத்தையும் படிகளையும் மூன்று மாதத்துள் கொடுக்கவும் ஆணையிட்டது. 1985 முதல் அவர் பட்ட வேதனை போதும் என்று கருதி, புதிதாக விசாரணை நடத்தவும் இடந்தரவில்லை.

ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, எட்டாம் வகுப்புக்குப் போகும் காலம். அத்தீர்ப்பில் நம்மைத் தொட்ட பகுதி ஒன்றுண்டு. பிழைப்பூதியம் தராமல் ஒருவரை விசாரணைக்கு வா என்பது, மெல்லக் கொல்லும் நஞ்சை ஊட்டுவது போன்றது என்னும் கருத்தில் நீதிபதிகள் எழுதியுள்ளனர். வேலையில் சேருகிறவர் மனிதர் என்ற தம் உரிமைகளை அடகு வைத்துவிட்டுச் சேருவதில்லை என்பதும் அவர்கள் கருத்து. வயிற்றைக் காயவைத்துவிட்டு, "உனக்குச் சந்தர்ப்பம் கொடுத்தோமே, நீதானே வரவில்லை" என்று கூறுவது சந்தர்ப்பம் ஆகாது.

ஆனால் இவ்வழக்கை அரைகுறையாகப் புரிந்துகொண்டு ஏமாந்தவர்களும் உளர். போலீஸ் வழக்கில் விடுதலையானால் வேலை தானாகத் திரும்பிவிடும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அப்படியன்று. குற்றவியல் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமற்ற சான்று கேட்கும். உள்விசாரணைக்கு, நடந்திருக்கக்கூடும் என நம்பத்தக்க சான்றே போதும். தங்கவயல் வழக்கில் இரண்டு இடத்திலும் ஒரே நிகழ்ச்சி, ஒரே சாட்சிகள். அதனால் ஒன்று வீழ்ந்தபோது மற்றதும் வீழ்ந்தது. 1977இல் அரியானா மாநிலப் பேருந்து நடத்துநர் ஒருவரின் வழக்கில் நடந்தது வேறு. கட்டணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. பயணிகளில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லையே என்று அவர் வாதாடினார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. பரிசோதகரின் சாட்சியே போதிய சான்று எனக் கொண்டு, நீக்கத்தை உறுதிசெய்தார். ஏழைத் தொழிலாளருக்காக மிகவும் இரங்கியவர் எனப் பெயர்பெற்ற நீதிபதியே இவ்வாறு தீர்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே போராட்டத்தின் பாதி உள்விசாரணை அறையிலேயே முடிந்துவிடுகிறது. நம்மவர்கள் செய்யும் பெரும்பிழை அங்கேதான். "எப்படியும் நீக்கத்தான் போகிறார்கள், நான் ஏன் போகவேண்டும்?" என்று கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகின்றனர். பிழைப்பூதியம் மறுக்கப்பட்டவர் வராமைக்கு நீதிமன்றம் இரங்கும்; வீம்புக்காக வராதவருக்கு இரங்காது. நோயுற்றால் மருத்துவச் சான்றுடன், கிடைத்ததற்கு ஒப்புகை வரும்வகையில் கடிதம் அனுப்பவேண்டும்.

அந்த அறையில் என்ன நடக்கவேண்டும் என்பதை 1963இல் எனாமல் தொழிற்சாலை ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்தது. குற்றச்சாட்டு இன்னதென்று தொழிலாளிக்கு விளங்கவேண்டும். சாட்சிகள் அவர் முன்னிலையில் பேசவேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் சாட்சிகளை அழைத்துவரவும், தாமே சாட்சி சொல்லவும் இடமிருக்க வேண்டும். விசாரணை அதிகாரி தம் முடிவைக் காரணத்தோடு எழுதவேண்டும்.

இவற்றுள் குறுக்கு விசாரணையின் வலிமையை நாம் தானியேல் ஆகமத்தில் கண்டிருக்கிறோம். சூசன்னாவைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் சென்ற கூட்டத்தை நிறுத்தி, இரண்டு முதியோரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டாய் என்று ஒரே கேள்வியைத்தான் தானியேல் கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். தொழிற்சாலை விசாரணையிலும் அத்தகைய சிறு கேள்விகளே பயன் தருகின்றன. எத்தனை மணிக்கு? எந்த இயந்திரத்தருகே? அப்போது உடனிருந்தவர் யார்? அன்றைய வருகைப் பதிவேடு எங்கே? உரத்த குரலில் அநியாயம் அநியாயம் என்று முழங்குவதால் குறிப்பேட்டில் ஒரு வரியும் ஏறாது.

சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது பெரும்பாலான நிறுவனங்களில் உண்டு. வழக்கறிஞரைக் கேட்டுப் பெறும் உரிமை பொதுவாக இல்லை. ஆனால் நிர்வாகம் சட்டம் கற்றவரைத் தன் சார்பில் நிறுத்தினால், தொழிலாளிக்கும் அவ்வுதவியை மறுப்பது நீதியன்று என்பதை 1982இல் பம்பாய்த் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விசாரணைக் குறிப்பு புரியாத மொழியில் இருந்தால் விளக்கிச் சொல்லக் கேட்கலாம். வாசிக்காமல் கையொப்பமிடவேண்டாம்; ஆட்சேபம் இருந்தால் அதையே எழுதி அதன்கீழ் கையொப்பமிடலாம்.

இன்னுமொரு கண்ணியைக் குறித்து எச்சரிக்க வேண்டும். "தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடு, மன்னித்து விடுகிறோம்" என்று யாரேனும் அன்பாகச் சொல்வார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் செய்யும் ஒப்புதலுக்கு மன்னிப்பு உறுதி; மேலாளர் அறையில் எழுதும் ஒப்புதலுக்கு அந்த உறுதி கிடையாது. செய்யாததைச் செய்தேன் என எழுதுவது பொய். செய்ததை மறுப்பதும் பொய்யே. அதை நாம் ஒருபோதும் பரிந்துரையோம்.

அப்படியானால் உண்மையிலேயே தவறு செய்தவர் கதி என்ன? அவருக்கும் கேட்க ஒன்றுண்டு: தண்டனை குற்றத்துக்குத் தக்கதா? 1971ஆம் ஆண்டு டிசம்பர் 15 வரை, விசாரணை ஒழுங்காக நடந்திருந்தால் தண்டனையின் அளவில் தொழிலாளர் நீதிமன்றம் பொதுவாகத் தலையிட முடியாதிருந்தது. அன்று முதல் நடைமுறைக்கு வந்த 11-ஏ என்னும் பிரிவு, சான்றை மீண்டும் எடைபோடவும், தண்டனை மிகையெனில் குறைக்கவும் அதிகாரம் தந்தது. பதினான்கு ஆண்டு பணியாற்றியவர் ஒருவர் ஆத்திரத்தில் மிரட்டலாகப் பேசிவிட்டார் என்பதற்காக நீக்கப்பட்ட வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் அந்நீக்கத்தை ரத்துசெய்து, இரண்டு ஊதிய உயர்வுகளை நிறுத்துவதே போதும் என்றது. ஆனால் 2005இல், மேற்பார்வையாளரை ஆபாசச் சொற்களால் ஏசிய தொழிலாளியின் நீக்கத்தை அதே நீதிமன்றம் சரியெனக் கொண்டது. நாவடக்கம் இல்லாதவர் முந்திய தீர்ப்பை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதாது.

திருட்டோ சண்டையோ இல்லாமல், "பத்து நாள் வரவில்லை, ஆகவே தானாக வேலையை விட்டவர் ஆகிறார்" என்று பெயரை அடித்துவிடும் வழக்கமும் உண்டு. வாயிற்காவலன் உள்ளே விடமறுத்ததால் வரவில்லை என்று தொழிலாளி சொன்னாலும் கேட்பாரில்லை. 1993இல் யாதவ் என்பவரின் வழக்கில், நிலையாணை அவ்வாறு கூறினாலும் விசாரியாமல் பெயரை நீக்குவது செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. அவருக்கு வேலையும், இடைக்காலத்துச் சம்பளத்தில் பாதியும் கிடைத்தன. பாதிதானா என்று கேட்கலாம். சும்மா இருந்திருந்தால் அதுவும் இல்லை.

இனி வழி என்ன? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நெடுங்காலம் நமக்குக் கைகொடுத்தது. தனியொரு தொழிலாளி, சங்கத்தின் துணையின்றியே தம் நீக்கத்தை எதிர்க்கலாம் என்ற உரிமையை 1965இல் அது சேர்த்துக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. மேற்சொன்ன தனியாள் உரிமையும், தண்டனையைக் குறைக்கும் அதிகாரமும் அதிலும் உள்ளன. முதலில் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்கவேண்டும். நாற்பத்தைந்து நாட்கள் கடந்தும் தீராவிடில் தொழில் தீர்ப்பாயத்தை நேரே அணுகலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகவேண்டும். முன்னைய சட்டத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தன. பழைய கணக்கை நம்பியிருப்பவர் கவனிக்கவேண்டும். தற்காலிக வேலைநீக்கக் காலத்தில் முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, தாமதம் தொழிலாளியால் ஏற்படாதபோது அதன்பின் முக்கால் பங்கு, பிழைப்பூதியமாகத் தரவேண்டும் என்பதும் அத்தொகுப்பில் உள்ளது.

எல்லாரும் இதனுள் அடங்கார். மேலாளர்களும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேற்பட்ட மேற்பார்வையாளர்களும் புறத்தே நிற்பர். பால் அந்தோணி உயர்நீதிமன்றத்தையே நேரே அணுக முடிந்தது, அவருடைய நிறுவனம் அரசுடைமையாக இருந்ததால். தமிழகத்தில் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என்று 1947ஆம் ஆண்டின் கடைகள் சட்டம் கூறுகிறது. அதன்கீழ் மேல்முறையீடும் உண்டு. துணிக்கடையில் நிற்கும் நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இவ்விடத்தில் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது முறை. நாம் தொழிலாளர் மட்டுமல்லர். பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் முதலாளிகளும் ஆவோம். சிறுபான்மையினர் நிறுவனம் ஆதலால் தொழிலாளர் சட்டம் எங்களைக் கட்டாது என்ற வாதம் ஒருகாலத்தில் எழுப்பப்பட்டதுண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஊழியர் வழக்கில் 1987ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் நடத்தும் உரிமை, ஊழியரை நீதியற்று நடத்தும் உரிமையைத் தரவில்லை. ஆசிரியர்கள் தொழிலாளி என்ற சொல்லில் அடங்கார் என 1988இல் தீர்ப்பானது உண்மை. அவர்களுக்குத் தனியார் பள்ளிகள் பற்றிய சட்டங்களிலும் உரிமையியல் நீதிமன்றத்திலும்தான் வழி. ஆனால், தொழிலாளியல்லர் என்பதற்காக ஓர் ஆசிரியையை மாலை மணி அடித்ததும் அழைத்து, நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லலாமா? ஆயாவையும் வாயிற்காவலரையும் விசாரியாமல் அனுப்பும் பள்ளித் தாளாளர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், ஆதாமுக்குக் கிடைத்த கேள்வியாவது அவர்களுக்குக் கிடைத்ததா என எண்ணிப் பார்ப்பாராக.

தங்கவயலின் கதையில் இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டு நிறைவதற்குள், 2001 பிப்ரவரி இறுதியில், சுரங்கம் மூடப்பட்டது. நீதி இவ்வளவு தாமதமாக வருவதை எண்ணும்போது நமக்கும் மனம் கசக்கிறது. சமரச அதிகாரியின் முன்னிலையிலேயே மதிப்பாக முடித்துக்கொள்ள வழி கிடைக்குமானால், நிலுவையும் நற்சான்றும் பெற்று முடித்துக்கொள்வதை நாம் குறைவாக எண்ணோம். குடும்பத்தின் வயிறும் பிள்ளைகளின் படிப்பும் வழக்கின் வேகத்தில் நடப்பன அல்ல. வழக்கு நடத்துவோர் வேறு வேலை தேடினார்களா, கிடைத்ததா என்பதையும் நீதிமன்றம் கேட்கும். 2013ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று, வேறு வருவாய் இல்லை என்பதைத் தொழிலாளி மனுவிலேயே கூறவேண்டும் என்கிறது.

கடிதங்களைக் காப்பதைக் குடும்பத் தலைவியர் பொறுப்பில் விடுவது நல்லது என்பது நாம் கண்ட அனுபவம். வேலை நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதற்கு எழுதிய விளக்கத்தின் நகல் யாவும் ஒரே பையில் இருக்கட்டும். நீக்க ஆணை வந்த உறையையும் கிழித்தெறிய வேண்டாம். அதன்மேல் தபால் முத்திரையில் தேதி இருக்கிறது.